நூற்றுப் பதினாறுக்கு விசர்ஜன்

என் அப்பா போரிலிருந்து திரும்பி வந்தபோது அவருக்குப் பின்னாலேயே ஒரு கோவேறு கழுதையும் வந்தது. அது செத்து அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. குடியாத்தத்திலிருந்து வந்த மத்தியானப் பஸ்ஸிலிருந்து அப்பா காலைத் தாங்கித் தாங்கி இறங்கினார், இரும்புப் பெட்டி இறங்கியது, படுக்கைச் சுருட்டு இறங்கியது, அதன் பிறகு பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது, யாரும் இறங்காத படிக்குக் கீழே புழுதியில் நாலு குளம்புத் தடம் விழுந்தது, கண்டக்டர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "அதுக்கு டிக்கெட் வாங்கலையே சார்" என்று மட்டும் கேட்டார் என்று வேலம்பாடியில் இன்றைக்கும் சொல்வார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. எனக்கு ஞாபகம் இருப்பது அந்த வாசனைதான்: நனைந்த கம்பளி, சீமெண்ணெய், அதோடு எங்கள் ஊர் வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குளிர்.

அப்பா ராணுவத்தில் டிரைவர். பட்டாளத்தில் கழுதையை நடத்திக்கொண்டு போகிறவருக்கும் டிரைவர் என்றுதான் பேர் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியாது, அதனால் அவர் வந்த வாரமே எதிர்வீட்டு செண்பகம் அக்கா தன் கொழுந்தனார் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக் காரை ஓட்டித் தரும்படி வெற்றிலைப் பாக்குத் தட்டோடு வந்து நின்றார்.

"ஸ்டியரிங்க நான் தொட்டதே இல்லம்மா" என்றார் அப்பா.

"அப்ப அங்க இன்னாத்த ஓட்டினீங்க?"

"கச்சர்."

"அது இன்னா கம்பெனி வண்டிண்ணே?"

கச்சர் என்றால் கோவேறு கழுதை என்று அம்மா விளக்கிச் சொல்ல, செண்பகம் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் முதலில் அதைத் தொட்டவரும் அவர்தான். ரேஷன் கடையிலிருந்து அரிசி மூட்டையை இடுப்பில் சுமந்து வந்தவர் எங்கள் வீட்டுச் சுவர் என்று நினைத்து அதன்மேல் சாய்த்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார், மூட்டை விழவில்லை, நெஞ்சு உயரத்தில் காற்றில் கொஞ்ச நேரம் யோசித்தது, பிறகு தெருவைக் கடந்து அவர் வீட்டை நோக்கி நடந்தது. அக்கா கத்தவில்லை. அரிசி போகிறதே என்று பின்னால் ஓடினார், அவ்வளவுதான்.

அதன் பிறகு தெரு அதை வீட்டுக்கு வந்த மருமகளைப் போல நடத்தியது, முதலில் கொஞ்சம் தயங்கி, பிறகு ஒரேயடியாக வேலை வாங்கி. செண்பகம் அக்காவின் இட்லிக் கடைக்கு மாவுத் தூக்குகள் காற்றில் போயின, பிள்ளைகளின் புத்தகப் பைகள் ஆளில்லாமல் பள்ளிக்கூட வாசல் வரை போயின, கல்யாண வீட்டுச் சீர்த் தட்டுகள் தோளும் கையும் இல்லாமல் மேளத்துக்குப் பின்னால் அசைந்து அசைந்து போயின. ஒரு பக்கம் கனத்தால் அது நகராது என்பதைக் கண்டுகொண்ட பெண்கள் எதையும் இரண்டாகப் பிரித்துத் தொங்கவிடப் பழகிக்கொண்டார்கள், இந்தப் பக்கம் துவரம் பருப்பு என்றால் அந்தப் பக்கம் அதே கனத்துக்கு வெங்காயம், அதனால் எங்கள் தெருப் பெண்களை எடையில் ஏமாற்ற எந்தக் கடைக்காரராலும் முடியாமல் போயிற்று. கால்நடைக் கணக்கெடுக்க வந்தவர் வெகுநேரம் யோசித்து, குளம்படிகளை எண்ணி நாலால் வகுத்து, 'ஒன்று' என்று எழுதிக்கொண்டு போனார். ஷேர் ஆட்டோக்காரர்கள் பிழைப்பு கெடுகிறது என்று பஞ்சாயத்தில் முறையிட்டார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கழுதைக்கு லீவு என்று தீர்ப்பாயிற்று.

"இது எப்பண்ணே போவும்?" என்று ஒருமுறை யாரோ அப்பாவைக் கேட்டார்கள், சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

"அதுக்கு இன்னும் விசர்ஜன் ஆவலையே" என்றார் அப்பா.

போரைப் பற்றி என் அப்பா ஊருக்குச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான், அதையும் ஊர் தப்பாகப் புரிந்துகொண்டது. அது பிள்ளையார் சதுர்த்தி சமயம். விசர்ஜனம் என்றால் எங்களுக்குப் பிள்ளையாரைத் தண்ணீரில் கரைப்பது ஒன்றுதான் தெரியும். பாவம், பிள்ளையாருக்கே மூன்றாம் நாள் தண்ணீர் காட்டுகிறோம், இது இத்தனை வருஷமாகக் காய்ந்துபோய் நிற்கிறதே என்று பம்பை மேளம் வைத்து, காற்றின் கழுத்தில் சாமந்தி மாலை போட்டு, கற்பூரம் காட்டி ஏரிக்கு அழைத்துப் போய் இறக்கினார்கள். மாலை தண்ணீர் மட்டத்தில் கொஞ்ச நேரம் மிதந்தது, ஏதோ நீளமாக உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, பிறகு மாலை கரையேறி ஒரு உதறு உதறிப் பஞ்சாயத்துத் தலைவரைத் தலை முதல் கால் வரை நனைத்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் வீடு வந்து சேர்ந்தது. ஏரிக்கரை மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "வயிறாரத் தண்ணி குடிக்க விட்டீங்களே, அதுவே போதும்" என்றார்.

ஊரே அதன்மேல் சுமை ஏற்றியது. அப்பா மட்டும் தன் துண்டைக்கூட அதன் முதுகில் போட்டதில்லை. பக்கத்தில் நடப்பார், அவ்வளவுதான்.

என்னை ஆறாம் வகுப்பிலேயே வேலூரில் கான்வென்ட் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நைனா என்று கூப்பிடும்போது நான் அப்பா என்று கூப்பிடுகிறவளாகி, சாப்பாட்டுக்கு முன் சிலுவைக் குறி போட்டுவிட்டு சாமி மாடத்துக்கும் கும்பிடு போடுகிறவளாகி, கேள்வி கேட்டால் எழுவாய் பயனிலையோடு முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும் என்று சிஸ்டர்கள் சொன்னபடியே கேட்கிறவளாகி விடுமுறைகளுக்கு வந்து போனேன். 'அப்பா, போரில் நீங்கள் என்ன செய்தீர்கள்?' என்பதும் முழு வாக்கியம்தான். அதைக் கேட்காமலேயே எனக்கு வேலை கிடைத்தது, அம்மா காலமானாள், கல்யாணமாயிற்று, கணவர் குவைத் போனார், நான் அப்பா வீட்டுக்கே திரும்பினேன், பாப்பா பிறந்தாள்.

பாப்பாவுக்குத் தன்விகா என்று பேர் வைத்தோம். செண்பகம் அக்கா அவளைத் தம்பிகா என்றுதான் கூப்பிடுகிறார். அவள் பிறந்த நாளிலிருந்து எனக்குப் பயம். மின்விசிறியைக் கண்டால் பயம், திராட்சைப் பழத்தைக் கண்டால் பயம், கொசுவத்திப் புகை, பூனை, பால் புரையேறுவது, இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தது. அவள் உச்சிக்குழி மெல்லத் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே விடியவிடிய உட்கார்ந்திருப்பேன், இப்படித் திறந்துவைத்த தலையோடு எந்த தைரியத்தில் ஒரு உயிரை உலகத்துக்குள் அனுப்புகிறார்கள் என்று யோசித்தபடி. வங்கியில் எனக்குத் தந்த பேறுகால விடுப்பு முடியப்போகிறது, வேலைக்குத் திரும்பினால் பகலெல்லாம் அவளைப் பார்த்துக்கொள்ள அப்பாவை விட்டால் ஆளில்லை என்ற நிலையில்தான், ஒரு நாள் குளித்துவிட்டு வந்தபோது தொட்டில் காலியாக இருந்தது.

வாசலுக்கு ஓடினேன். தெருவின் நடுவில், என் நெஞ்சு உயரத்தில், ஒன்றுமில்லாததன் மேல் என் குழந்தை மல்லாந்து படுத்துக் கட்டை விரலைச் சப்பியபடி மிதந்து போய்க்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் நடந்துகொண்டிருந்தார். செண்பகம் அக்கா இட்லித் தட்டோடு நின்று, "நல்லாத் தூங்குது பாரு தம்பிகா" என்று ரசித்துக்கொண்டிருந்தார். நான் போட்ட கூச்சலில் காக்கைகள் எழுந்தன. ஓடிப்போய்ப் பாப்பாவைப் பறித்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

இன்னொரு நாளும் அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு இன்னொரு நாளும். ஒவ்வொரு முறையும் நான் பறித்தேன், ஒவ்வொரு முறையும் அப்பாவின் முகம் பாதிச் சாப்பாட்டில் இலையை எடுத்துவிட்ட மாதிரி ஆயிற்று.

மூன்றாவது தடவை நான் சொல்லிவிட்டேன். "அப்பா, அதை அனுப்பிடுங்க. இல்லைன்னா நான் பாப்பாவைத் தூக்கிட்டு வேலூர்ல வீடு பார்த்துக்கறேன், ஆயா வெச்சுக்கறேன்."

"அது அவள ஒண்ணும் பண்ணாது வினோ."

"கண்ணுக்கே தெரியாத ஒரு மிருகத்தை நான் எப்படிப்பா நம்புவேன்?"

"அனுப்பற அதிகாரம் எனக்கு இன்னும் வரலம்மா" என்றார் அப்பா, ரொம்ப மெதுவாக.

வருஷத்துக்கு ஒருமுறை முனிரத்தினம் என்று ஒருவர் அப்பாவுக்குப் போன் பண்ணுவார். பழைய பட்டாளத்துக் கம்பெனிக்காரர்கள் காட்பாடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுகிறார்கள், வாடா என்பார். "பாக்கலாம்ப்பா" என்று அப்பா வைத்துவிடுவார். இந்த வருஷம் அவர் கூப்பிட்டபோது அப்பா குளித்துக்கொண்டிருந்தார், நான் எடுத்தேன்.

"யாரு, பொண்ணா? இந்த வருசமும் டிமிக்கி குடுக்கப் போறானா உங்கப்பன்?"

"அங்கிள், அப்பாவோட கழுதையைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?"

"எந்தக் கழுதைம்மா? அங்க இருந்த நாங்க எல்லாருமே கழுதைங்கதான்."

"செத்துப்போன கழுதை. எங்க வீட்டு வாசல்லதான் நிக்குது."

"நூத்திப் பதினாறாம் நம்பரு கச்சரா?" என்றார். பிறகு, "கூட்டிக்கினு வாம்மா. அவனையும் அதையும் ரெண்டையும் கூட்டிக்கினு வா. அதுக்கு என்னா பண்ணணும்னு எங்களுக்குத் தெரியும்."

என்ன பண்ண வேண்டும் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் நான் வேலையில் சேர வேண்டும். வரமாட்டேன் என்ற அப்பாவிடம், வராவிட்டால் நாளைக்குப் பாப்பா இந்த வீட்டில் இருக்க மாட்டாள் என்றேன். அவர் வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார். ஒரு குட்டியானை வண்டியை வரவழைத்தோம். "ஏறிடுச்சாண்ணே?" என்று டிரைவர் கேட்க, அப்பா பின்பக்கக் கதவைச் சாத்தியபடி தலையாட்ட, "டயர் அமுங்குச்சி, ஏறிடுச்சி" என்று அவரே சொல்லிக்கொண்டு கிளப்பினார். நான் முன்னால் பாப்பாவை மார்போடு இறுக்கி உட்கார்ந்து, கான்வென்ட்டில் கற்ற ஜெபத்தை காட்பாடி வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.

மண்டபத்தில் பேனர் கட்டியிருந்தது, பிரியாணி வாசனை வந்தது, பட்டுப் புடவைகளும் சட்டையில் குத்திய பதக்கங்களுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. அப்பா வாசலில் தயங்கினார். அதற்குள் மீசை நரைத்த, தொப்பை பெருத்த ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"வாய்யா தணிகாசலம்! பென்ஷன் வாங்க மட்டும்தான் வெளிய வருவியா நீ?"

"முடி போச்சேடா முனிரத்தினம்" என்றார் அப்பா.

"முடிதான்டா போச்சி. உனக்குப் பேச்சே போச்சாமே."

அப்போதுதான் அந்த நனைந்த கம்பளி வாசனை உள்ளே போயிருக்க வேண்டும். சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள். யாரும் வியக்கவில்லை. ஒருவர் எச்சில் கையோடு ஓடிப்போய் ஒரு வாளி தண்ணீர் பிடித்து வந்தார், இன்னொருவர் "ரொம்பச் சில்லுனு வைக்காதடா, நடந்து வந்திருக்கும்" என்று அதட்டினார், மூன்றாமவர் முற்றத்து மண்ணில் முழங்கால் போட்டுக் காற்றில் எதையோ தூக்கித் தன் மடியில் வைத்து விரலால் சுரண்டிப் பார்த்து, "லாடம் தேஞ்சிபோச்சி" என்றார். வேலம்பாடி அதன் முதுகை மட்டும்தான் தெரிந்து வைத்திருந்தது. இவர்கள் அதன் காதை, மூக்கை, முட்டியை, வாலைத் தடவித் தடவி விசாரித்தார்கள், பிறந்தகத்துக்கு வந்த பெண்ணை விசாரிப்பதுபோல.

நான் முனிரத்தினம் அங்கிளைப் பிடித்துக்கொண்டேன். "இதை எப்படி அனுப்பறது, சொல்லுங்க."

"உங்கப்பன் ஒனக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லை."

அவர் என்னை உட்காரவைத்து, என் இலையில் தன் கையால் ஒரு கறித்துண்டு வைத்துவிட்டுச் சொன்னார். அப்பா எதிரில் உட்கார்ந்து தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல போஸ்ட்டுக்குத் தண்ணியும் குண்டும் ஏத்திக்கினு போவோம்மா. லைட்டு கெடையாது, பீடி கெடையாது, இருமுனாக்கூட மேலேர்ந்து சுடுவான். எறங்கும்போது அடிபட்டவங்கள ஏத்தி அனுப்புவாங்க. அன்னிக்கி ஒரு பையன், எந்த ஊரோ, எந்த ரெஜிமெண்டோ, நம்ம பாஷைகூட இல்ல. வயித்துல அடி. உங்கப்பன்தான் அவனத் தூக்கி ஏத்திக் கட்டினான். பாதி வழியில ஷெல்லு வுழுந்துச்சி. உங்கப்பன் தொடையில சில்லு ஏறிடுச்சி. நடக்க முடியல. கச்சரப் பாத்து 'சல், சல்'னு கத்தறான், நீ போ, பையனாவது பொழைக்கட்டும்னு. அது போவல. கழுத்த எறக்கிக்கினு இவன் பக்கத்துலயே நின்னுச்சி. கடைசியில கழுத்துக் கயித்தப் புடிச்சித் தொங்கிக்கினான். முதுகுல ஒருத்தன், கழுத்துல ஒருத்தன். அந்தப் பள்ளத்துல, அந்தக் கல்லுல, ரெண்டு பேரையும் கீழ போடாம நடந்து வந்துச்சிம்மா அது."

"அந்தப் பையன்?"

"பொழச்சிட்டான். எங்கியோ புள்ள குட்டியோட இருப்பான்." இன்னொரு கறித்துண்டை என் இலையில் வைத்தார். "கீழ நின்னவன் நான். பையன எறக்கினது நான். உங்கப்பன் கைய அந்தக் கயித்துலேர்ந்து வெரல் வெரலாப் பிரிச்சது நான். ரெண்டு பேரையும் தூக்கிக்கினு ஓடிட்டோம். அது சேணத்தோட நின்னுச்சி. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. பாக்கும்போது உயிர் இல்ல. நின்னபடியே போயிருந்துச்சி."

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் கேட்டேன்" என்றார் அப்பா, டம்ளரிடம். "சேணத்த அவுத்தீங்களாடான்னு. யாரும் அவுக்கல."

எனக்கு அந்த வருஷம் ஐந்து வயது என்பதும், அந்தக் கழுத்து தாழ்ந்திருக்காவிட்டால் பஸ்ஸிலிருந்து இரும்புப் பெட்டி மட்டும்தான் வந்திருக்கும் என்பதும் எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. பாப்பா என் மடியில் ஒரு வெங்காயத் துண்டை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். நான் பிடுங்கினேன்.

சுபேதார் லோகநாதன் என்று ஒரு பெரியவர், அங்கே எல்லாரும் சார் என்று எழுந்து நிற்கிறவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க கம்பெனியில ஒரு பழக்கம்மா. எந்தச் சட்டத்துலயும் கெடையாது, நாங்களா வெச்சிக்கிட்டது. ஏத்தினவன் கையாலதான் எறக்கணும். எறக்கி, பட்டைய அவுத்து, விசர்ஜன் சொல்லணும். பரேடு முடிஞ்சா எங்களுக்கெல்லாம் சொல்ற சொல்லுதான். வேலை முடிஞ்சிது, கலைஞ்சி போன்னு அர்த்தம். அது காதுல வுழற வரைக்கும் டூட்டிதான்."

"நாங்க அதை ஏரியில இறக்கினோம்" என்றேன்.

"எதுக்கு?"

"விசர்ஜனம்னு சொன்னாரே."

சிரிப்பில் மண்டபமே குலுங்கியது. "பிள்ளையார் மாதிரி முக்கினீங்களா! டேய், நூத்திப் பதினாற முக்கியிருக்காங்கடா!" என்று பந்திக்குப் பந்தி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பல் தெரிய. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஊரே ஏத்துச்சி, ஊரே எறக்குச்சி சார். நான் ஏத்தல. எனக்குக் கை வரல."

"ஒரு மூட்டைய ஏத்தி எறக்கியிருந்தா முடிஞ்சிருக்குமேடா."

"அது உசிரச் சொமந்துக்கினு வந்துச்சி. புளி மூட்டைய எறக்கிட்டு முடிஞ்சிதுன்னு சொன்னா ஏத்துக்குமா? அதான் பாப்பா பொறந்ததும்..." அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஏத்தினேன். எறக்கறதுக்குள்ள..."

அவர் முடிக்கவில்லை. முனிரத்தினம் அங்கிள் என்னைப் பார்த்தார். சுபேதாரும் பார்த்தார். இறக்கியது நான்தான். மூன்று முறையும்.

"சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ பயந்து போயிருந்த வினோ. பயந்துபோன பொண்ணுகிட்ட போய், ஒன் புள்ளைய இன்னொரு தடவை குடுன்னு எப்படிக் கேப்பேன்?"

யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. யாராவது கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். எல்லாரும் இலையைப் பார்த்தார்கள், பாப்பா மட்டும் என் தாலிச் சரட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், நான் எழுந்து முற்றத்துக்கு நடந்து, அந்தக் கம்பளி வாசனை எங்கே அடர்த்தியாக இருந்ததோ அங்கே நின்று, திரும்பி, குழந்தையை அப்பாவிடம் நீட்டினேன்.

அப்பா அவளை வாங்கி, தலைக்கு ஒரு கை கொடுத்து, காற்றில் மெல்லக் கிடத்தினார். அவள் அமுங்கினாள், பஞ்சு மெத்தையில் அமுங்குவதுபோல. அப்பா இல்லாத கயிற்றைப் பிடித்து "சல்" என்றார். முற்றத்தைச் சுற்றி அவர்கள் நடந்தார்கள், என் குழந்தையும் என் அப்பாவும் அவர்களைத் தாங்கிய அந்த ஒன்றும், பதக்கம் குத்திய ஆண்கள் சுவரோரமாக விறைத்து நிற்க, பந்தலுக்குக் கீழே போனபோது தோரணம் அவள்மேல் உரசி அவள் கையை நீட்ட, என் கைகள் இரண்டும் தாமாகவே முன்னால் நீள, நான் அவற்றை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு குளம்புத் தடமும் தரையைச் சோதித்துச் சோதித்துத் தன்னை வைத்துக்கொள்வதை அப்போதுதான் நான் பார்த்தேன். கல் இருந்த இடத்தில் அது சுற்றிப் போயிற்று. பள்ளம் இருந்த இடத்தில் நின்று, யோசித்து, இறங்கியது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குவதும் அப்படித்தான்.

சுற்றி வந்து நின்றது. அப்பா இரண்டு கையாலும் பாப்பாவை இறக்கினார். அவளை என்னிடம் தந்தார். பிறகு அவர் குனிந்து ஒரு வயிற்றுக்கு அடியில் கைவிட்டு, நாங்கள் பார்க்க முடியாத பட்டையை இழுத்துத் தளர்த்தி, ஒரு கொக்கி, இன்னொரு கொக்கி, நெஞ்சுப் பட்டை, வால் பட்டை என்று ஒவ்வொன்றாக அவிழ்த்து, கனமான எதையோ தோளில் வாங்கித் தரையில் வைத்தார். 'தொம்' என்று கேட்டது. விறைப்பாக நின்றார். நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு குரலில், மண்டபத்து ஓட்டில் இருந்த புறாக்கள் பறக்க, கத்தினார்:

"நூற்றுப் பதினாறு! விசர்ஜன்!"

ஒன்றும் நடக்கவில்லை. சமையல்காரர்கள்கூட கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு முற்றத்து மண் குபீரென்று எழும்பியது. ஏதோ ஒரு பெரிய உடம்பு தரையில் தொப்பென்று சாய்ந்து, முதுகைத் தேய்த்து, நாலு காலையும் மேலே உதைத்து, இந்தப் பக்கம் உருண்டு, அந்தப் பக்கம் உருண்டு, மறுபடியும் உருண்டது. "பொரளுதுடா! பொரளுதுடா!" என்று முனிரத்தினம் அங்கிள் சின்னப் பையனைப்போலக் குதித்தார். சேணம் இறக்கினால் எல்லாக் கச்சரும் செய்கிற முதல் வேலை அதுதானாம். செம்மண் புழுதி பதக்கங்கள் மேலும் பட்டுப் புடவைகள் மேலும் பிரியாணி அண்டா மேலும் இறங்கியது, ஒருவரும் தட்டிவிடவில்லை. பாப்பா தும்மினாள்.

புழுதி அடங்கியபோது குளம்புத் தடங்கள் வாசலைத் தாண்டியிருந்தன. ஆழமில்லாத, சோம்பேறித்தனமான தடங்கள், நடுவில் ஒரு வேலியோரம் எதையோ மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. பாலாற்று மணல் வரை சிலர் பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்பா போகவில்லை. பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் முறை பிரியாணி போடச் சொல்லி, "கொஞ்சம் அடிக் கறியாப் போடுப்பா" என்றார்.

வேலம்பாடிக்கு இது பிடிக்கவில்லை. மறுநாள் காலை செண்பகம் அக்கா பழக்கத்தில் மாவுத் தூக்குகளைக் காற்றில் மாட்டிவிட்டுத் திரும்ப, தெரு முழுக்க மாவு. "போறதுன்னா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவக் கூடாதா?" என்று அவர் எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்தினார். ஆட்டோக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். பிள்ளைகள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இத்தனை கனமா என்று அழுதன.

நான் பாப்பாவை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அது இப்போது கைப்பைக்குள் அடங்குகிற அளவில் இருந்தது. பதினோரு மணிக்கு வங்கியில் வரிசை நீண்டிருந்தபோது அப்பா போன் பண்ணினார். என் அப்பா தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. பாப்பாவுக்கு ஏதோ என்று நினைத்துக் கையில் இருந்த ரூபாய்க் கட்டை எண்ணாமலேயே வைத்துவிட்டேன்.

"ஒண்ணுமில்ல வினோ. சும்மாதான். அதுக்கு வெல்லம்னா உசிரு, தெரியுமா? சுரங்கத்துக்குள்ள மட்டும் போவாது, இருட்டுன்னா பயம் அதுக்கு. அப்புறம் நம்பருதான் நூத்திப் பதினாறு. நான் ஒரு பேரு வெச்சிருந்தேன், யாருக்கும் சொன்னதில்ல."

"என்ன பேருப்பா?"

"மேனேஜர்."

"ஏன்பா?"

"எவ்ளோ அவசரம்னாலும், நின்னு ஒரு தடவ யோசிச்சிட்டுத்தான் அடுத்த கால எடுத்து வைக்கும்."

கண்ணாடி அறைக்குள் எங்கள் மேனேஜர், ஒரு கையெழுத்துக்காக ஆறு பேர் காத்திருக்க, பேனாவைத் தாளுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த சிரிப்பில் நாற்காலி பின்னால் நகர்ந்தது, கவுண்டருக்கு வெளியே நின்ற பெண்மணி என்னம்மா என்று கேட்டுக் காரணம் தெரியாமலேயே அவரும் சிரித்தார், போனில் அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணீரைத் துடைத்துப் போனை வைத்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்ட பிறகுதான், பாப்பா என்ன செய்கிறாள் என்று கேட்க மறந்துவிட்டது எனக்கு ஞாபகம் வந்தது.